யார் வரவில்லை?

வாசிப்புப் பகுதி: கீழ்க்காணும் தன்கதையை வாசித்திடுக.

"இன்று யார் வரவில்லை?"

இரவு உணவின்போது அப்பா அம்மாவிடம் பள்ளிக் கதைகளைச் சொல்லத் தொடங்குவதற்கு முன், தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. வந்த பிள்ளைகளைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். வராத பிள்ளைகளைத்தான் விரல்விட்டு எண்ணுவார்.

பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்த தமிழ்ப்பள்ளிக்கு அப்பா தலைமையாசிரியர். தோட்ட மக்கள் அவரைப் 'பெரிய வாத்தியார்' என்றே அழைப்பார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வற்புறுத்தியது. அந்தக் காலத்தில் எழுந்த பலகைக் கட்டடம்தான் எங்கள் பள்ளி. தகரக் கூரை, மழை பெய்தால் ஆசிரியர் பேசுவது காதில் விழாது. வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் பள்ளி மணி. ஒவ்வொரு நாள் காலையிலும் அப்பாவே அதை அடிப்பார்.

நானும் அப்பள்ளியில்தான் படித்தேன். பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் அவரை 'அப்பா' என்று அழைக்கக்கூடாது; மற்ற மாணவர்களைப் போல 'ஐயா' என்றுதான் அழைக்க வேண்டும். வீட்டிலாவது அப்பா எனக்குக் கிடைப்பாரா என்றால், அதுவும் இல்லை. மாலை நேரங்களில் லயத்து வீடுகளுக்குப் போய்விடுவார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரிடம் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

1988-ஆம் ஆண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அவ்வாண்டுதான் முதன்முறையாக நடைபெற்றது. ஆறாம் ஆண்டில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். தேர்வுக்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல். "பயப்படாதே அம்மா. தேர்வு தொடங்கும் வரை நான் உன் பக்கத்திலேயே நிற்கிறேன்," என்று அப்பா வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் எட்டுப் பேர்தான் வரிசையில் நின்றோம். ஒருவன் வரவில்லை. அவனுடைய அம்மா நோயுற்றுக் கிடந்ததால், அப்பாவுக்கு உதவியாக அவன் விடியற்காலையிலேயே வெளிக்காட்டுக்குப் போய்விட்டான் என்று யாரோ கூறினார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

தேர்வு தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவன் சட்டை முழுவதும் பால் கறை. அப்பா அவனுடைய முகத்தைத் தம் கைக்குட்டையால் துடைத்து உள்ளே அனுப்பினார். என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேச அவருக்கு நேரமில்லை.

அன்று மாலை அம்மா, அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தேய்த்துச் சலித்துப் போனார். ரப்பர் பால் கறை எளிதில் போகுமா? மோட்டார் சைக்கிளில் அவன் அப்பாவைப் பிடித்துக்கொண்டு வந்ததால் ஒட்டிய கறை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தச் சட்டையைப் பார்க்கப் பார்க்க என் கோபம் அதிகமாகியது. ஒரு வாரம் அப்பாவிடம் நான் முகங்கொடுத்துப் பேசவில்லை.

"என்னைவிட அவன்தான் உங்களுக்கு முக்கியமா?" என்று ஒருநாள் வெடித்தேன்.

அப்பா சற்று நேரம் அமைதியாக இருந்தார். "நீ வந்துவிட்டாய் அம்மா. அவன் வரவில்லையே," என்றார். அந்தப் பதில் அன்று எனக்குப் போதவில்லை.

காலம் மாறியது. ரப்பர் மரங்களை வீழ்த்திவிட்டுச் செம்பனை நட்டார்கள். வேலை குறைந்ததால் குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் எண்ணூறுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள், இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல் எனக் குறைந்துள்ளன. எங்கள் பள்ளியிலும் மாணவர் எண்ணிக்கை இருபத்து மூன்றாகச் சுருங்கியது. "பள்ளியை மூடிவிடலாம்," என்று சொன்னவர்களும் உண்டு. அப்பா கோப்பும் கையுமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பிள்ளைகள் குடிபெயர்ந்த வீடமைப்புப் பகுதிக்கே பள்ளியையும் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. அனுமதி கிடைத்துக் கட்டடம் எழுவதற்குள் அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். திறப்பு விழாவில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அந்தத் தண்டவாளத் துண்டு மட்டும் புதிய பள்ளியின் வாசலில் தொங்கியது.

சில ஆண்டுகளுக்குப் பின் அப்பா எங்களைவிட்டுப் பிரிந்தார். இறுதிச் சடங்கிற்கு வந்தவர்களில் அந்தப் பழைய வகுப்புத் தோழனும் ஒருவன். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். வெகுநேரம் பேசாமல் நின்றவன், பிறகு என்னிடம் வந்தான்.

"தேர்வு அன்று ஐயா வந்து கூப்பிட்டபோது எங்கள் அப்பா விடவில்லை. 'இவன் போய்விட்டால் நான் தனியாக எப்படிப் பால் எடுப்பேன்? ஒரு நாள் சம்பளம் போய்விடும்,' என்றார். 'பிள்ளையை அனுப்பு. பால் எடுக்க நான் வருகிறேன்,' என்றார் ஐயா. சொன்னதைப் போலவே, துணைத் தலைமையாசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தாராம். மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தாராம். எங்கள் அப்பா சாகும் வரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்."

அம்மா தேய்த்துச் சலித்த அந்த வெள்ளைச் சட்டை என் கண்முன் வந்தது. அப்பா அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. நான் கோபித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வாரத்திலும் சொல்லவில்லை.

இன்று நானும் ஓர் ஆசிரியை. காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, வந்தவர்களின் பெயர்களைக் கடந்து என் கண்கள் முதலில் வெற்றிடத்தைத்தான் தேடுகின்றன.

"இன்று யார் வரவில்லை?"

அருஞ்சொற்பொருள்
வெளிக்காடு – தோட்டத்தில் தொழிலாளர்கள் மரம் வெட்டும் பகுதி
மங்கு – ரப்பர் பாலைச் சேகரிக்கும் கிண்ணம்
லயத்து வீடு – தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடு
முகங்கொடுத்துப் பேசுதல் – விருப்பத்துடன் பேசுதல்

கருத்துணர் கேள்விகள்
1. தேர்வு நாளன்று மாணவன் ஒருவன் பள்ளிக்கு வராததன் காரணம் என்ன?
2. 'நீ வந்துவிட்டாய் அம்மா. அவன் வரவில்லையே' என்னும் கூற்றின் உட்பொருளை விளக்கிடுக.
3. சட்டையில் படிந்த கறையைப் பற்றிக் கதைசொல்லி முதலில் நினைத்ததும் பின்னர் அறிந்ததும் யாவை?
4. தந்தை தம் மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதிடுக.