பட்டப்பகலில் மின்னலைப் பிடிக்கும் கேமரா

மின்னல்னு சொன்னதும் வேர் மாதிரி கிளை விட்டு இறங்குற கோடுதான் ஞாபகத்துக்கு வரும். அது கீழ இருந்து பாக்குற நமக்கு. மேகத்துக்கு மேல இருந்து பாத்தா அந்தக் கோடு பெரும்பாலும் தெரியாது. மின்னலோட வெளிச்சம் நீர்த்துளியிலும் பனித்துகளிலும் பட்டுச் சிதறி, மேகத்தோட உச்சிக்கு வரும்போது சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு மங்கலான திட்டா ஆயிடும். பால் நிற குண்டு பல்புல உள்ளே இருக்கிற இழை தெரியாம முழு பல்பும் ஒளிருமே, அந்த மாதிரி.

ராத்திரியில இந்தத் திட்டைப் பிடிக்கிறது பெரிய விஷயம் இல்ல. சிக்கல் பகல்லதான். வெயில் பட்ட மேகம் வெள்ளை வெளேர்னு இருக்கும். அதுல மின்னல் காணாமப் போயிடும். ஆனா நிலப்பகுதிகள்ல இடிமழை அதிகமா உருவாகுறதே மதியத்துக்கு மேலதான். பகல்ல வேலை செய்யாத கருவியை மேல அனுப்பி என்ன பிரயோஜனம்?

2016 நவம்பரில் ஏவப்பட்ட அமெரிக்காவின் கோஸ்-16 செயற்கைக்கோளில் ஜி.எல்.எம். என்ற கருவி போனது. சுமார் 35,800 கி.மீ. உயரத்தில் இருந்து அமெரிக்கக் கண்டங்களைப் பார்த்த கேமரா. அது இந்தச் சிக்கலைச் சமாளிக்கிற விதம், நம்ம சிக்னல் ப்ராசஸிங் பாடத்தை அப்படியே வானத்துல நடத்துற மாதிரி இருக்கும்.

முதல்ல நிறம். சூரிய ஒளி எல்லா அலைநீளத்துலயும் பரவிக் கிடக்கும். மின்னல்ல சூடாகுற ஆக்ஸிஜன் அணுக்களோ 777.4 நானோமீட்டர் பக்கத்துல பலமா ஒளிரும். அதனால சுமார் 1 நானோமீட்டர் அகலமே உள்ள ஃபில்டர். அடுத்தது நேரம். ஒரு மின்னல் துடிப்பு மில்லிசெகண்ட் கணக்குல முடிஞ்சிடும். ஷட்டரை அதிக நேரம் திறந்து வச்சா உள்ளே வர்றது வெயில் மட்டும்தான். அதான் 2 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃபிரேம், நொடிக்கு 500.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணாவது. ஒரு பிக்ஸல் தரையில கிட்டத்தட்ட 8 கி.மீ.! ஃபோன் கேமராவுக்கு மெகாபிக்ஸல் எண்ணுற நமக்கு இது கேவலமாத் தோணும். ஆனா வெளிச்சமே சில கிலோமீட்டர் திட்டாத்தான் வருது. பிக்ஸலைச் சின்னதாக்கினா அதே சிக்னலைப் பல துண்டா வெட்டுறோம், ஒவ்வொரு துண்டும் நாய்ஸ்ல மூழ்கிடும்.

கடைசியா, முந்தின ஃபிரேம்களோட சராசரியைக் கழிச்சு, மிச்சம் த்ரெஷோல்டைத் தாண்டுதான்னு பார்க்கும். த்ரெஷோல்டை ஏத்தினா மங்கலான மின்னல் தப்பிடும். இறக்கினா பொய் மின்னல் குவியும். இவங்க இறக்கித்தான் வச்சாங்க. பொய்யைத் தரையில சாஃப்ட்வேர் வடிகட்டும்: நிஜ மின்னல் கூட்டமா, பக்கத்துப் பக்கத்துல வரும், நாய்ஸ் தனியா எங்கேயாவது எட்டிப் பார்க்கும்.

2017 அக்டோபர் 22 அன்று டெக்சாஸில் தொடங்கி கன்சாஸ் சிட்டி பக்கம் வரை ஓடிய 829 கி.மீ. நீள மின்னல் இதோட பதிவுல கிடைச்சதுதான். கன்னியாகுமரி–சென்னை நேர்கோட்டைப் போட்டாலும் மிச்சம் இருக்கும். உலக வானிலை அமைப்பு அதை 2025-இல் சாதனையாக ஏற்றது.

ஒண்ணு மட்டும் இதால நேரடியாச் சொல்ல முடியாது: மின்னல் தரையைத் தொட்டுச்சா, மேகத்துக்குள்ளேயே முடிஞ்சுதா? மேல இருந்து ரெண்டும் ஒரே திட்டுதான். அதுக்கு இன்னும் தரையில இருக்கிற ரேடியோ ஆன்டெனாக்களைத்தான் கேக்கணும்.