பார்க்காமல் வைக்கும் பணம்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது.  

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் அப்பா இருந்தான். சீட்டு என்ற சொல் காதில் விழுந்தாலே அவனுக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஹூஸ்டனில் நண்பர்கள் வீட்டில் சனிக்கிழமை போக்கர் ஆடியதையும், கையில் என்ன சீட்டு என்று தெரியாமலே பணம் வைப்பது உனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டதையும் சொன்னாய். ஒருவன் 'ஸ்ட்ராடில்' என்று நாலு டாலரைத் தள்ளி ஜெயிக்க, அடுத்த சுற்றில் நீயும் தள்ளியிருக்கிறாய். ஆடாதே என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. காலமெல்லாம் புள்ளியியல் நடத்தியவள் நான். சீட்டுக்கட்டைத் தொடாமல் நிகழ்தகவைச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்க்காமல் பணம் வைப்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டாவது வகையில் நீயே போய் உட்கார்ந்திருக்கிறாய்.

முதல் வகை பிளைண்ட். சீட்டுப் போடும் முறையைக் காட்டும் டீலர் பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் சின்ன பிளைண்ட், அவருக்கு அடுத்தவர் பெரிய பிளைண்ட். உங்கள் மேசையில் ஒன்று, இரண்டு டாலர் என்றாய். சீட்டுப் போடும் முன்பே அதை வைத்தாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பட்டன் ஓர் இடம் நகர்வதால் ஒரு சுற்று முடிவதற்குள் எல்லாரும் ஒரே தொகையைக் கட்டிவிடுகிறார்கள். இதில் துணிச்சலும் இல்லை, அசட்டுத்தனமும் இல்லை. நாற்காலிக்குக் கொடுக்கும் வாடகை இது.

இந்த வாடகை இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆளுக்கு இரண்டு சீட்டு. 52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழி. அவற்றில் ஏஸ் ஜோடி 6 வழிகளில்தான் வரும், அதாவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. நடுவில் பணமே இல்லை என்றால் ஏஸ் ஜோடி வரும்வரை ஒவ்வொரு கையையும் கீழே போட்டுக்கொண்டே இருப்பதுதான் புத்திசாலித்தனம். அதைவிடச் சின்ன ஜோடியோடு பந்தயம் கட்டினால், உன்னைவிட நல்ல கை வைத்திருப்பவன் மட்டுமே எதிர்த்து வருவான். எல்லாரும் இப்படி யோசித்தால் மேசையில் இருக்கும் ஒன்பது பேரும் ராத்திரி முழுக்கச் சீட்டைக் கலைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பிளைண்ட் அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை வைக்கிறது. ஒன்பது பேர் மேசையில் 221 ஆட்டம் என்பது ஏறக்குறைய இருபத்தைந்து சுற்று. சுற்றுக்கு மூன்று டாலர் வீதம் சுமார் 74 டாலர் கரையும். மணிக்கு முப்பது ஆட்டம் என்று வைத்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல். அத்தனையும் பொறுத்துக் கடைசியில் ஏஸ் ஜோடியோடு நீ பணத்தைத் தள்ளினால், இவ்வளவு நேரம் வாய் திறக்காதவன் இப்போது ஏன் தள்ளுகிறான் என்று யோசித்து எல்லாரும் சீட்டைப் போட்டுவிடுவார்கள். உன் கைக்கு வருவது நடுவில் கிடந்த மூன்று டாலர். போட்டி ஆட்டங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை பிளைண்டை உயர்த்துவதும் இதற்காகத்தான். அங்கே நேரம் போகப்போகக் காத்திருப்பின் விலையும் ஏறும்.

வைத்துவிட்ட பிளைண்ட் உன் பணம் இல்லை என்பதையும் நினைவில் வை. புதிதாக ஆடுபவர்கள் 'என் இரண்டு டாலர் அங்கே கிடக்கிறதே' என்று உதவாக்கரைச் சீட்டோடு இன்னும் இருபதைப் போட்டு அதைக் காப்பாற்றப் போவார்கள். மேசை நடுவில் எல்லாருக்குமான மூன்று பொதுச் சீட்டு விழுந்த பிறகு முதலில் பேச வேண்டியவர்கள் பிளைண்ட்காரர்கள்தான். அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமல் பேசும் இடம் அது. தேர்ந்த ஆட்டக்காரர்களே கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு இடத்திலும் நஷ்டத்தில்தான் இருப்பார்கள். மற்றவர்களைவிடக் குறைவாக இழப்பதுதான் அவர்கள் திறமை.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். ஸ்ட்ராடிலை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. பெரிய பிளைண்டுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவன், சீட்டு வரும் முன்பே அதைப்போல் இரண்டு மடங்கைத் தானாக வைப்பதுதான் ஸ்ட்ராடில். அதற்குப் பதிலாக, பொதுச் சீட்டு விழும் முன் கடைசியாகப் பேசும் உரிமை கிடைக்கிறது. அந்த உரிமையும் ஒரு கட்டம்தான். அதற்குப் பிறகு நீ மூன்றாவதாகப் பேச வேண்டும். உனக்குப் பின்னால் மீதி ஆறு பேரும் காத்திருப்பார்கள். உன் இடம் வரும்போதெல்லாம் இப்படி வைத்தால், சுற்றுக்கு மூன்று டாலராக இருந்த செலவு ஏழு டாலராகிறது. 200 டாலரோடு உட்கார்ந்தவனிடம் பெரிய பிளைண்ட் கணக்கில் நூறு மடங்கு இருந்தது, ஸ்ட்ராடில் கணக்கில் ஐம்பது மடங்காகக் குறைகிறது. பொறுமையாக ஆட இருந்த இடத்தை நீயே பாதியாக்கிக்கொண்டாய்.

பிறகு ஏன் வைக்கிறார்கள்? தோற்றதைச் சீக்கிரம் மீட்க நினைப்பவன் வைப்பான். மேசை தூங்குகிறது என்று சூடேற்ற வைப்பவன் உண்டு. கெட்டிக்காரன் ஒருவன் தன்னை ஊதாரி என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று வைப்பான். மற்றவர்கள் வைக்கும்போது தான் மட்டும் கஞ்சனாகத் தெரியக்கூடாது என்று வைப்பவர்கள்தான் அதிகம். நீ எதற்காக வைத்தாய் என்று உனக்கே தெரியும்.

நம் ஊர் மூணு சீட்டில் பிளைண்ட் ஆடுகிறார்களே என்று கேட்பாய். அங்கே விதியே வேறு. சீட்டைப் பார்த்தவன், பார்க்காதவனைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வைக்க வேண்டும். பார்க்காமல் இருப்பதற்குப் பாதி விலை என்ற சலுகை அது. தவிர, மூன்று சீட்டு எடுக்க இருக்கும் 22,100 வழிகளில் 16,440 வழிகளில் ஜோடிகூடச் சேராது. நான்கில் மூன்று தடவை எதிராளி கையிலும் ஒன்றும் இருக்காது என்பதால், சலுகை விலையில் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. போக்கர் ஸ்ட்ராடிலில் அப்படி ஒரு தள்ளுபடி கிடையாது.

பார்க்காமலே ஜெயிக்கலாம் என்பதற்கு, நார்வேயைச் சேர்ந்த அனெட் ஒப்ரெஸ்டாட் என்ற பெண்ணின் கதையை உன் நண்பர்கள் சொல்வார்கள். 2007இல், 180 பேர் ஆடிய ஓர் இணையப் போட்டியில் தன் சீட்டை மறைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்து, முதலிடம் பிடித்தாள். அதே ஆண்டு செப்டம்பரில், பத்தொன்பது வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, லண்டனில் நடந்த உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பியப் போட்டியில் பத்து லட்சம் பவுண்டு ஜெயித்தாள். அந்த இணையப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் மிகச் சிறியது. தோற்றாலும் அவளுக்குக் கவலை இல்லை. தன் சீட்டைப் பார்க்காதவள், யார் எப்போது பின்வாங்குகிறார்கள், தான் எந்த இடத்திலிருந்து பேசுகிறாள் என்பதை விடாமல் பார்த்தாள். ஸ்ட்ராடில் வைக்கும் உன் நண்பன் இதில் எதைப் பார்க்கிறான்?

இன்னொன்று, நீ இருக்கும் இடத்தைப் பற்றி. நீங்கள் ஆடும் ஹோல்டெம் ஆட்டம் பிறந்த ஊர் ராப்ஸ்டவுன் என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2007இல் அங்கீகரித்தது. அதே மாநிலத்தின் சட்டத்தில் சூதாட்டம் குற்றம். தனியிடத்தில், ஆடி ஜெயித்ததைத் தவிர வேறு வருமானம் யாரும் பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே வாய்ப்போடு ஆடினால் மட்டுமே தற்காப்பு உண்டு. வீட்டுக்காரன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தனக்கென்று ஒரு பங்கு எடுத்தால் அன்றே எழுந்து வந்துவிடு. விசாவில் இருப்பவன் நீ.

இதையெல்லாம் சீட்டோடு நிறுத்த என்னால் முடியவில்லை. காத்திருப்பது இலவசம் என்று நினைப்பது சின்ன வயதிலிருந்தே உன் குணம். எல்லாத் தகுதியும் பொருந்தி வரட்டும் என்று எத்தனை வேலைக்கு மனுப் போடாமல் விட்டாய்! முடிவு தெரியும் முன் கட்ட வேண்டிய தேர்வுக் கட்டணம், புது ஊருக்குக் குடிபோகும் செலவு, இவையெல்லாம் பிளைண்ட். முணுமுணுக்காமல் கட்டிவிட்டு ஆட்டத்தில் இறங்கு. நண்பர்கள் எல்லாரும் வாங்கினார்கள் என்று கடனில் எடுக்க நினைக்கும் அந்தப் பெரிய கார் ஸ்ட்ராடில்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடு. விதிப்படி வைத்த பிளைண்ட் ஒன்றில், நீயாக முன்வந்து வைத்தது மற்றதில். ஜெயித்த வாரம், தோற்ற வாரம் எல்லாம் எழுதி மாதக் கடைசியில் எனக்கு அனுப்பு. முதல் பத்தியில் என்ன தொகை இருந்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அத்தை