சிறுமியின் மார்பிங் படம்: எட்டு மாதம் கழித்துப் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படித்த 14 வயது மகளின் பள்ளி ஆண்டு விழாப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, நிர்வாண உடலோடு ஒட்டி, போலி இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்றிலிருந்து அவளுக்கே அனுப்பியிருக்கிறார்கள். நிஜப் படம் அனுப்பாவிட்டால் வகுப்பு குரூப்பில் போட்டுவிடுவதாக மிரட்டல். பெற்றோர் அந்தக் கணக்கை பிளாக் செய்து, உரையாடலை அழித்து, போனையும் ரீசெட் செய்துவிட்டனர். பள்ளியில் சொன்னதற்கு, பெரிதுபடுத்த வேண்டாம் என்று பதில் வந்தது. எட்டு மாதம் கழித்து, போன வாரம் அதே படம் வேறொரு கணக்கிலிருந்து வந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் மீது சந்தேகம். உடல் மகளுடையது இல்லை என்பதால் வழக்கு நிற்குமா? காலம் கடந்துவிட்டதா? மகள் ஸ்டேஷன் ஏற வேண்டியிருக்குமா? (பெயர், ஊர் தவிர்க்கப்பட்டுள்ளன.)

பதில்: மிரட்டல் வந்த நாளில் சிறுமிக்கு 18 வயது நிறையவில்லை. இந்த வழக்கைத் தீர்மானிப்பது அந்த ஒன்றுதான். படம் உண்மையானதா, ஒட்டு வேலையா என்பது குற்றம் உண்டா இல்லையா என்பதை மாற்றுவதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-ன் 11-வது பிரிவு, குழந்தையின் உடலைக் காட்டும் உண்மையான அல்லது புனையப்பட்ட சித்திரிப்பை எந்த ஊடகத்திலாவது பயன்படுத்துவதாகப் பாலியல் நோக்கத்துடன் மிரட்டுவதையே பாலியல் தொந்தரவு என்கிறது. படம் குரூப்புக்குப் போனதா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை. மிரட்டிய அன்றே குற்றம் முழுமையாகிவிட்டது. 12-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 2019-ல் வந்த திருத்தமும், குழந்தையைக் காட்டுவதுபோல் உருவாக்கிய, மாற்றியமைத்த படங்களைக் குழந்தை ஆபாசப் படம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு இன்னும் அகலமானது. குழந்தையை ஆபாசமாகவோ அநாகரிகமாகவோ காட்டும் மின்னணுப் படத்தை உருவாக்குவது, பரப்புவது, தேடுவது, பதிவிறக்குவது எல்லாம் அதில் அடங்கும். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்த இரண்டு சட்டங்களிலும் குழந்தையின் சம்மதம் என்ற எதிர்வாதத்துக்கு இடமில்லை. அவளே ஏமாந்து ஒரு படத்தை அனுப்பியிருந்தாலும், அதை வைத்து மிரட்டியவர் தப்ப முடியாது. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது பெற்றோரின் கடமை. அப்பா திட்டுவார் என்ற பயம்தான் மிரட்டுபவர்களின் பெரிய பலம்.

வயது இவ்வளவு முக்கியம் என்பதால் அதற்கான சான்றும் முக்கியம். கடிதத்தில் வாசகர் மகளின் ஆதார் அட்டையை மட்டுமே குறிப்பிடுகிறார். அது போதாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு சொல்லும் வரிசை வேறு: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பு தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே மருத்துவப் பரிசோதனை. போக்சோ வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இதையே பின்பற்றுகின்றன. பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதியும் பிறப்புச் சான்றிதழில் வேறு தேதியும் இருந்தால், அதைப் புகாருக்கு முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும் வரை காத்திருக்கக் கூடாது.

காலம் சட்டப்படி கடக்கவில்லை. மூன்று ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்துக்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-வது பிரிவு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. ஐந்து ஆண்டு தண்டனைக்குரிய 67-பி பிரிவுக்குக் காலவரம்பே கிடையாது. ஆனால் புகார் கொடுக்க உரிமை இருப்பது வேறு, நிரூபிக்கச் சான்று இருப்பது வேறு. நீக்கப்பட்ட பதிவையும் மூடப்பட்ட கணக்கின் பதிவு விவரங்களையும் சமூக ஊடக நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள். எட்டு மாதம் என்பது ஏறத்தாழ 240 நாள். பழைய கணக்கைத் திறந்தவர் யார், எந்த இணைய முகவரியிலிருந்து வந்தார் என்பதைக் காட்டக்கூடிய பதிவு இப்போது இருக்கும் என்று நம்ப இடமில்லை. முதல் வாரத்திலேயே புகார் போயிருந்தால், காவல்துறை ஒரு கடிதம் எழுதியே அதைக் கேட்டு வாங்கியிருக்கலாம்.

போதாததற்கு உரையாடலை அழித்து, போனையும் ரீசெட் செய்திருக்கிறார்கள். அவமானத்தைக் கண்ணிலிருந்து அகற்றும் அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் அதில் மகளின் பக்கத்துச் சான்று அழிந்தது; மிரட்டியவர் பாதுகாப்பானார். பிளாக் செய்வதற்கு முன் கணக்கின் பயனர் பெயர், முகப்புப் பக்கத்தின் இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்து வைக்க ஐந்து நிமிடம் போதும். பயனர் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், அதை மட்டும் ஒரு தாளில் குறித்து வைப்பதில் பலன் குறைவு. ‘குடும்ப மானம்’ என்று வாசகர் கடிதத்தில் நான்கு இடங்களில் வருகிறது. குற்றம் செய்தவர் வெளியில் இருக்க, எட்டு மாதம் வாய் மூடியிருந்தது அந்தச் சிறுமிதான். தாமதத்துக்கான காரணத்தை, பள்ளி சொன்ன பதில் உட்பட, புகாரிலேயே ஒளிவுமறைவின்றி எழுதுவது நல்லது. இத்தகைய வழக்குகளில் தாமதம் ஒன்றுக்காக மட்டும் நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளிவிடுவதில்லை. விளக்கம் இல்லாத தாமதம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

போன வாரம் வந்த இரண்டாவது கணக்குதான் இப்போது கையில் உள்ள பிடி. அதன் பதிவுகள் இன்னும் இருக்கும். அந்தச் செய்தி வந்த போனை அப்படியே வைத்திருக்க வேண்டும். எதையும் அழிக்கவோ, மிரட்டுபவரோடு பேரம் பேசவோ கூடாது. படத்தை யாருக்கும் அனுப்பவும் கூடாது. உறவினருக்கோ பள்ளிக்கோ, ஏன், வழக்கறிஞருக்கே கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. புகாருக்காகவும் சான்றாகவும் வைத்திருப்பதற்கு போக்சோ 15-வது பிரிவு விலக்கு தருகிறது. சுற்றுக்கு விடுவதற்கு அல்ல. மூலக் கருவியான போனையே உரிமையாளர் நீதிமன்றத்தில் ஒப்படைத்துச் சாட்சி சொன்னால் தனிச் சான்றிதழ் தேவைப்படாது. நகலாகத் தாக்கல் செய்தால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் கட்டாயம்.

வகுப்புத் தோழர்கள் யாருடைய போனிலாவது இந்தப் படம் இருந்தால், அவர்களின் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். சென்னை அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கில், தனியாகப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று அந்தத் தீர்ப்பை நீக்கியது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதிலிருந்தே பகிரும் நோக்கத்தை ஊகிக்கலாம் என்பது இப்போதைய நிலை.

பெரிதுபடுத்த வேண்டாம் என்று சொல்லப் பள்ளிக்கு அதிகாரம் இல்லை. போக்சோ குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. தவறினால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஆண்டு விழாப் படங்களை மாணவிகளின் பெயரோடு பொதுப் பக்கத்தில் ஏற்றும் வழக்கத்தைப் பள்ளிகள் கைவிடுவதும் நல்லது. குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கும் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

சந்தேகத்துக்குரிய மாணவனின் வீட்டுக்குப் போய் விசாரிக்கத் தந்தை எண்ணியிருப்பதாகக் கடிதம் சொல்கிறது. போகக் கூடாது. அவன்தான் என்றால், அடுத்த நிமிடமே அவன் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அவன் இல்லையென்றால் ஒரு நிரபராதிப் பிள்ளை பழி சுமப்பான். கை ஓங்கினால் தந்தை மீதே வழக்கு வரும். புகாரில் சந்தேகம் என்றும் அதற்கான காரணம் இன்னது என்றும் மட்டும் எழுதலாம். 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால் அவனை லாக்கப்பில் வைக்க முடியாது; இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மகளின் பெயரோடு ‘இது போலி, நம்ப வேண்டாம்’ என்று செய்தி போட்டிருந்தால் அதை உடனே நீக்க வேண்டும். குழந்தையின் பெயர், பள்ளி, குடும்பம் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடுவதை போக்சோ 23-வது பிரிவு தடுக்கிறது. பெற்றோரே அடையாளத்தைப் பரப்பிவிட்டால் அந்தப் பாதுகாப்புக்குப் பொருளில்லாமல் போகும்.

மகள் ஸ்டேஷன் ஏற வேண்டியதில்லை. போக்சோ 24-வது பிரிவின்படி அவளது வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். சிறப்பு நீதிமன்ற விசாரணை மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவரை அவள் நேருக்கு நேர் பார்க்க நேராமல் பார்த்துக்கொள்வது நீதிமன்றத்தின் பொறுப்பு.

புகாரை அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலோ எழுத்து மூலம் தரலாம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. வெறும் மனு ரசீதோடு திரும்பிவிடாமல் முதல் தகவல் அறிக்கையின் இலவச நகலைக் கேட்டு வாங்க வேண்டும். 67-பி பிரிவுக் குற்றத்தை ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்ய முடியும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதிலும் பலனில்லை என்றால் நீதிமன்றத்தை அணுகலாம். இதற்கிடையே இன்ஸ்டாகிராமின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் முறையிட வேண்டும். நிர்வாணப் படம், மார்பிங் செய்த படம் ஆகியவற்றை நீக்க 2021 விதிகள் முதலில் வைத்த கெடுவே 24 மணி நேரம்தான். ஆனால் நீக்கச் சொல்வதற்கு முன் இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

இந்தப் பதில் ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. படம் எந்த வகையானது, மிரட்டலின் சொற்கள் என்ன என்பதைப் பொறுத்துப் பிரிவுகள் கூடலாம், குறையலாம். பள்ளியின் பிறந்த தேதிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், செய்தி வந்த போன், இரண்டு கணக்குகளைப் பற்றியும் நினைவில் உள்ள தேதிகள் ஆகியவற்றோடு குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் சந்திக்க வேண்டும். கட்டணம் ஒரு தடையென்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரை நியமித்துத் தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது.