சாளரத்துச் செடிப்பெட்டி

நுழையும் முன்

அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்டம் போட நிலம் இல்லை. ஆனால் சாளரம் உண்டு. நாம் ஊரில் இல்லாத நாள்களில் சாளரத்துச் செடிக்கு நீர் தருபவர் யார்? ஒரு மரப்பெட்டி அதற்கு விடை சொல்கிறது.

பாடம்

மாணவர்களே! மாற்றலாகி டெல்லிக்கு வந்த முதல் ஆண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த துளசிக் கன்றைத் தொட்டியில் நட்டுச் சாளரத்தில் வைத்தேன். மே மாதத்தில் நான்கு நாள் வெளியூர் சென்று திரும்பியபோது இலைகள் உதிர்ந்து, குச்சி மட்டும் நின்றது. வட இந்தியக் கோடையில் பகலில் வீசும் வறண்ட வெப்பக் காற்றை ‘லூ’ என்பர். அக்காற்றின்முன் சிறு தொட்டியின் ஈரம் நிலைக்கவில்லை.

அப்போது விளக்குத் திரியை எண்ணிப் பார்த்தேன். எண்ணெய் அகலின் அடியில் இருக்கிறது. சுடரோ திரியின் நுனியில் எரிகிறது. நூலிழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே எண்ணெய் தானாக மேலேறுகிறது. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். திரியின் கீழ்நுனியை நீரிலும் மேல்நுனியை மண்ணிலும் வைத்தால், மண் உலர உலர நீர் மேலேறும் அல்லவா?

இடமாற்றத்தின்போது வீட்டுப் பொருள்களை அடைத்து வந்த பலகைகளைக் கொண்டே பெட்டி செய்தேன். அடியில் நீர், அதன்மேல் மண், இரண்டையும் இணைக்கத் துணித்திரி. அதில் மிளகாய்ச் செடிகள் நன்கு வளர்ந்தன. ஜூலையில் மழை பெய்தது. சாரல் நீர் பெட்டியில் நிறைந்தது. சில நாளில் இலைகள் மஞ்சளாகித் துவண்டன. தாகம் என்று கருதி மேலும் நீர் ஊற்றினேன். செடி மடிந்தது. பிடுங்கிப் பார்த்தேன்; வேர்கள் பழுப்பாகி அழுகியிருந்தன. துளசி நீரின்றி மடிந்தது; மிளகாயோ நீர் மிகுந்து மடிந்தது. வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன். ஆகவே மீண்டும் பெட்டி செய்தபோது, மிகுந்த நீர் வெளியேற வழி வைத்தேன்.

செய்முறை

(அறுப்பதையும் துளையிடுவதையும் பெரியவர்களே செய்ய வேண்டும்.)

1. உள்ளளவு நீளம் 60 செ.மீ., அகலம் 20 செ.மீ., உயரம் 22 செ.மீ. இருக்குமாறு பலகைகளைத் திருகாணியால் இணைக்கவும். வெளிப்புறத்தில் ஆளிவிதை எண்ணெயை இருமுறை பூசி உலரவிடவும்.

2. உள்ளே தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டாமல் மடித்து விரிக்கவும். நீர் நிற்கும் பகுதியில் ஆணி அடித்தல் கூடாது.

3. அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், பக்கப் பலகையில் ஒரு துளையிட்டுச் சிறு குழாயைச் செருகவும். குழாயைச் சுற்றிச் சிலிக்கோன் பசையால் அடைக்கவும். இதுவே வழிந்தோடும் துளை.

4. 6 செ.மீ. உயரமுள்ள குழாய்த் துண்டுகளை நிறுத்தி, அவற்றின்மேல் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டை வைக்கவும். நீருக்கும் தட்டுக்கும் இடையே 1 செ.மீ. காற்று இடைவெளி இருக்கும்.

5. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து முறுக்கி, மூன்று திரிகள் செய்யவும். அவற்றை நனைத்துத் தட்டின் துளைகளில் செருகவும். பருத்தி நாளடைவில் மட்கும்; ஆண்டுதோறும் மாற்றவும்.

6. ஒரு மூலையில் நீர் ஊற்றும் குழாயைத் தட்டினூடே செங்குத்தாக நிறுத்தவும். அதன் வாயைக் கொசுவலைத் துண்டால் கட்டவும். வழிந்தோடும் துளைக்கும் வலையிடவும். தேங்கிய நீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும் என்பதை மறவாதீர்.

7. மண், மட்கிய உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் கலந்து, திரிகளின் மேல்நுனி மண்ணுக்குள் அமையுமாறு நிரப்பவும்.

கன்றின் வேர் கீழிறங்கும் வரை, முதல் இரு வாரம் மேலிருந்தும் நீர் ஊற்றுக. கீரை, மிளகாய், புதினா ஆகியவை இப்பெட்டிக்கு ஏற்றவை, கற்றாழை ஏற்றதன்று. நீரும் ஈரமண்ணும் சேர்ந்தால் எடை 20 கிலோவைத் தாண்டும். ஆதலால், கீழே நடப்போர்மேல் விழாதவாறு பெட்டியைச் சாளரக் கம்பிக்கு உட்புறமே வைக்கவும்.

கணக்கு

நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 60 × 20 × 5 = 6000 கன செ.மீ.; அதாவது 6 லிட்டர். குழாயில் ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தை அளக்கலாம். 3 நாளில் 3 செ.மீ. குறைந்தால், நிறைந்த பெட்டி 5 நாளுக்குப் போதும். கோடை விடுமுறையோ ஒரு மாதத்திற்கும் மேல்! அத்தனை நாளுக்கு எந்தப் பெட்டியும் போதாது. ஆதலால் நான் ஊருக்குப் புறப்படுமுன், எதிர்வீட்டுப் பாட்டியிடம் சாவியையும் குவளையையும் தந்து செல்வேன். அவர் பஞ்சாபி பேசுபவர். என் தமிழ் அவருக்குப் புரியாது. நாள்தோறும் வர வேண்டியதில்லை, ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்பதை விரல்களால் காட்டினேன், புரிந்துகொண்டார். சென்ற ஆண்டு நான் திரும்பியபோது, மிளகாய்ச் செடி காய்த்திருந்தது. முதல் காய்களைப் பாட்டிக்கே பறித்துக் கொடுத்தேன்.

சொற்பொருள்

சாளரம் – சன்னல்
அகல் – மண்விளக்கு
சாரல் – காற்றில் சாய்ந்து விழும் மழைத்துளி
துவளுதல் – வாடித் தளர்தல்
மட்குதல் – மக்கிப்போதல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. மிளகாய்ச் செடி மடிந்ததற்குக் காரணம் யாது?
2. வழிந்தோடும் துளை தட்டுக்குக் கீழே அமைவது ஏன்?
3. 4 நாளில் 2 செ.மீ. நீர் குறைந்தால், நிறைந்த பெட்டி எத்தனை நாளுக்குப் போதும்?

ஆ. பிரித்து எழுதுக.
மரப்பெட்டி, நீர்த்தேக்கம், நூலிழை

இ. வேற்றுமை உருபைக் கண்டறிக.
பெட்டியில், திருகாணியால், செடிக்கு

ஈ. செய்து பார்க்க.
ஒரு குவளையில் நீர் நிரப்பி, அருகே வெற்றுக் குவளையை வைக்கவும். நனைத்த பருத்தித் துணியின் இரு நுனிகளையும் இரு குவளைகளிலும் இடவும். மறுநாள் காலையில் கண்டதை ஐந்து தொடர்களில் எழுதி, வீட்டில் உள்ளோருக்குப் படித்துக் காட்டுக.