தண்ணீர் புகாத விதைகள்

சுண்டலுக்காக இரவில் ஊற வைத்த பச்சைப்பயற்றில் ஒன்றிரண்டு மணிகள் மட்டும் ஊறாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெந்த பின்னும் அவை பல்லில் கல்லாகக் கடிபடும். அவை சொத்தையல்ல, அவற்றின் தோல் நீரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். பயற்றில் அரிதாகக் காணும் இக்குணம் சரக்கொன்றை, வாகை, கருவேலம் ஆகிய மரங்களின் விதைகளில் மிகச் சாதாரணம். எல்லாமே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்விதைகளின் உறையில், தடித்த சுவருடைய நீண்ட செல்கள் வேலிக்குச்சிகளைப் போல நெருங்கி நிற்கின்றன. விதை முற்றி உலர உலர இவ்வுறை இறுகிவிடுகிறது. உள்ளே கரு உயிருடன் இருந்தும், நீர் கிடைக்காததால் வளரத் தொடங்குவதில்லை. இதனை விதை உறக்கம் என்பர். இது எவ்வளவு காலம் நீடிக்கும்? 1793-இல் சீனாவில் சேகரித்து லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த, நம் வாகைக்கு நெருங்கிய இனமான ஒரு மரத்தின் விதைகள், 1940-இல் குண்டுவீச்சால் மூண்ட தீயை அணைக்கப் பீய்ச்சிய நீரில் நனைந்து முளைத்துவிட்டன! அப்போது அவற்றின் வயது 147.

கோடையில் பெய்யும் ஒரே மழைக்கு எல்லா விதைகளும் முளைத்துவிட்டால், அடுத்து வரும் வெயிலில் அத்தனையும் கருகிவிடக்கூடும். உறையின் கடினம் விதைக்கு விதை மாறுபடுவதால், சில இவ்வாண்டும் சில பின்னொரு மழைக்கும் முளைக்கின்றன. மரத்துக்கு இது நல்லதே. நாற்று வளர்க்கும் நமக்குத்தான் பொறுமையில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, செத்த விதையென்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறோம்.

உண்மையில் செத்ததா என்று சோதிக்கலாமா? கருத்து முற்றிய சரக்கொன்றைக் காய் ஒன்றை உடையுங்கள். அறைக்கு ஒன்றாக விதைகள் இருக்கும். பிசுபிசுப்பான சதையைக் கழுவிவிட்டு முப்பது விதைகளை எடுங்கள். ஓட்டை விழுந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள், வண்டு முந்திக்கொண்டது! முதல் பத்தைச் சும்மா தண்ணீரில் போடுங்கள். இரண்டாவது பத்துக்கு, ஒரு டம்ளர் நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அதில் போட்டு மறுநாள் காலைவரை விட்டுவிடுங்கள். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் கரு வெந்துவிடும். மூன்றாவது பத்தை ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேயுங்கள். காம்போடு ஒட்டியிருந்த தழும்பின் அருகில் முளைவேர் இருப்பதால், அதற்கு எதிர்முனையில் தேய்க்க வேண்டும். பழுப்பு நிறம் போய் உள்ளே வெளுப்புத் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இவற்றையும் ஓரிரவு ஊற வையுங்கள்.

காலையில் எந்தப் பத்தில் எத்தனை வீங்கியுள்ளன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வீங்கியது என்றால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அவற்றை விரற்கடை ஆழத்தில் மணல் கலந்த மண்ணில் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்றங்கால்களில் அடர் கந்தக அமிலத்தில் விதைகளை நனைப்பதும் உண்டு. அதை வீட்டில் செய்யவே கூடாது. சிவப்பில் கரும்புள்ளியுள்ள குன்றிமணியையும் தேய்க்க வேண்டாம். அதன் பருப்பில் கொடிய நஞ்சு இருக்கிறது.

முதல் பத்தில் பெரும்பாலானவை அப்படியே கிடக்கும். அவற்றை வீசிவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே விதைகளை உப்புத்தாளில் தேய்த்து ஊற வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுங்கள்.