நீர் வந்த வழி

ஆம்பூரிலுள்ள உயர்நிலைப் பள்ளியொன்றின் மாணவர் சிலர், தம் ஆசிரியருடன் வேலூர்க் கோட்டையைக் காணச் சென்றனர். விசயநகரப் பேரரசின் காலத்தே, 16ஆம் நூற்றாண்டில், பொம்மி நாயக்கர் கட்டுவித்தது அக்கோட்டை. 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் இந்தியப் படைவீரர் ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்த இடமும் அதுவே. கருங்கல் மதிலையும் அதனைச் சூழ்ந்த அகழியையும் கண்ட மாணவர் வியந்து நின்றனர்.

அவர்களுள் ஒருவன், "ஐயா, இவ்வகன்ற அகழிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது? கால்வாய் ஏதும் கண்ணுக்குப் புலப்படவில்லையே!" என்று வினவினான்.

"நல்ல கேள்வி, தம்பி! மழைநீர் ஒருபுறம் இருக்க, சூரியகுண்டா என்னும் நீர்நிலையிலிருந்து நிலத்தின் அடியில் வாய்க்கால் அமைத்து, முன்னோர் இவ்வகழிக்கு நீர் கொணர்ந்தனர். பகைவர் கண்ணுக்கு மதில் தெரியும், நீர் வரும் வழி தெரியாது" என்றார் ஆசிரியர். பின்னர் மாணவரை ஒரு மரநிழலில் அமரச் செய்து மேலும் கூறலானார்.

"தொலைவிலுள்ள நீரை ஊருக்குக் கொணரும் கலையில் பண்டை உரோமானியர் பெரும்புகழ் பெற்றனர். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் நீம் என்றொரு நகரம் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் அந்நகருக்கு உரோமானியர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்கால் வழியே நீர் கொணர்ந்தனர். ஆம்பூரிலிருந்து நாம் இங்கு வந்த தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே. அத்துணை நீண்ட வழியிலும் வாய்க்காலின் சரிவு மொத்தம் 12 மீட்டர் அளவினதே! சரிவு மிகுந்தால் நீரின் விரைவு வாய்க்காலை அரிக்கும். குறைந்தால் நீர் தேங்கும். அளந்து அளந்து அமைத்தமையால், இயந்திரம் ஏதுமின்றி நீர் தானே ஓடிற்று. வாய்க்காலின் பெரும்பகுதி நிலத்தின் அடியிலேயே சென்றது. ஓர் ஆறு குறுக்கிட்ட இடத்தில் மட்டும் மூன்றடுக்கு வளைவுகளை எழுப்பி, அவற்றின் உச்சியில் நீரைச் செலுத்தினர். போன் து கார் எனப்படும் அப்பாலம், ஏறக்குறைய 49 மீட்டர் உயரத்துடன் இன்றும் நிற்கின்றது."

"அப்படியாயின், இன்றும் அதில் நீர் ஓடுகின்றதா, ஐயா?"

"இல்லை. பாலம் நிற்கின்றது, நீர் நின்றுவிட்டது. அந்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு, வாய்க்காலின் இருபுறமும் ஆண்டுதோறும் படிந்து வந்தது. அதனைச் செதுக்கி அகற்றுதற்கு ஆட்கள் இருந்தவரை நீர் ஓடிற்று. பேரரசு தளர்ந்தது, பேணுவாரும் அருகினர். படிவு வளர்ந்து வழியை அடைத்தது. கல் உறுதியாய் இருந்தும் பயன் அற்றுப்போயிற்று.

அத்துணை தொலைவு செல்வானேன்? இவ்விடத்தையே எண்ணிப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெருமழை பெய்தது, அகழி நிரம்பியது. மிகுநீர் பாலாற்றை நோக்கி வெளியேறும் பழைய வழி தூர்ந்து கிடந்தது. ஆதலின் கோட்டையினுள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலில் நீர் புகுந்து தேங்கியது. வடியும் வழியைப் பேணாது விட்டால், காவலாய் அமைந்த நீரே கேடாய் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?" என்றார் ஆசிரியர்.

அப்பொழுது, தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகன் தயங்கித் தயங்கி எழுந்தான். "ஐயா, எங்கள் தெருக் கிணற்று நீர் உவர்க்கின்றது. தோல் தொழிலால்தான் பாலாறு கெட்டது என்கின்றனர். ஆனால் எங்கள் வீட்டில் உலை ஏறுவது அத்தொழிலால்தானே?" என்றான்.

ஆசிரியர் அவனை அன்புடன் நோக்கினார். "தம்பி, உன் தந்தையார் செய்வது இழிதொழில் அன்று, ஆயிரமாயிரம் குடும்பங்களைக் காப்பது. தோலை ஊறவைக்கவும் கழுவவும் நீர் மிகுதியாக வேண்டும். அந்நீர் உப்பையும் வேதிப்பொருள்களையும் ஏற்று வெளிவருகின்றது. அதனைத் தூய்மை செய்யாது விட்டதே பிழை. 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள், இப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள் வேண்டும் என்றும், மாசு செய்வோரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்றும் அது கூறிற்று. உரோமானியர் வாய்க்காலுக்குச் சொன்னதுதான் இதற்கும். நிலையத்தைக் கட்டினால் மட்டும் போதாது. அதனை நாள்தோறும் செவ்வனே இயக்குதல் வேண்டும். அப்பொழுது தொழிலும் வாழும், ஆறும் வாழும்."

பின்னர் அவர், "நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் கூறுகின்றன. ஊரார் குடவோலை முறையில் தேர்ந்த அக்குழுவினர், ஓராண்டுக் காலம் ஏரியைக் காத்தனர். ஏரியை வெட்டியவரோடு கடமை முடிந்துவிடவில்லை, ஒவ்வோராண்டும் அது புதிதாகத் தொடங்கிற்று" என்று கூறி முடித்தார்.

மாலையில் மாணவர் ஊர் திரும்பினர். வழியில் பாலாற்றின் மணற்பரப்பு அகன்று தோன்றியது. காலையில் அதனைக் கண்டும் காணாது வந்தவர்கள், இப்பொழுது பேச்சின்றி அதனையே நோக்கினர். தொழிலாளியின் மகன் மெல்ல எழுந்து, "ஐயா, நம் பள்ளிக்குப் பின்னுள்ள வாய்க்கால் குப்பையால் அடைபட்டுள்ளது. வரும் சனிக்கிழமை அதனைத் தூர் வாரலாமா?" என்று கேட்டான்.

"நானும் மண்வெட்டியோடு வருகின்றேன்" என்றார் ஆசிரியர்.