தாங்கி எடுத்த குழியில் மண் பரிசோதனை

மீளக் குடியேறும் காணிக்குப் பக்கத்தில் முன்பு எரிபொருள் நிரப்பு நிலையம் இருந்ததா? நிலத்தடித் தாங்கிகளைக் கிளப்பி எடுத்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். தாங்கி போனாலும் கசிந்த எண்ணெய் மண்ணில் நிற்கும். குழியை மூடுமுன் மண்ணைப் பரிசோதிக்கக் கேட்க வேண்டும்.

பசளைத் தேவை அறிய மண் எடுப்பது நமக்குப் பழக்கம். தோட்டத்தில் பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி அனுப்புவோம். இங்கே அப்படிச் செய்தால் பரிசோதனை பாழ். பெற்றோலில் உள்ள பென்சீன் போன்றவை உலரும்போதே பறந்துவிடும். கெட்ட மண்ணும் நல்லது போலத் தெரியும். கலந்தாலோ, பழுதான இடம் மற்ற மண்ணுக்குள் மறைந்துபோகும். ஆகவே தாங்கியின் இரு முனைகளுக்கும் கீழே, குழாய் மூட்டுகளின் கீழே, பம்பி நின்ற இடத்தில் என்று தனித்தனியாக எடுத்து, கண்ணாடிப் போத்தலில் இடைவெளியின்றி நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துத் தாமதமின்றி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். இது பயிற்சி பெற்றவரின் வேலை. குழிக்குள் நாம் இறங்கக்கூடாது; ஆவி மயக்கும், தீயும் பற்றும். மேலே நின்று சரியாக எடுக்கிறார்களா என்று பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் இது மிகவும் அவசியம். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்; எண்ணெய் கிணற்றுநீரைச் சேர அதிக நாள் செல்லாது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெயால் கிணறுகள் பழுதான வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது.

கிணற்றுநீரில் எண்ணெய் மணத்தால் காய்ச்சிக் குடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துவிட்டு, முடிவு வரும்வரை வேறிடத்தில் நீர் எடுப்போம்.